யாழ்ப்பாணம் வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்

கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்பக்கத்து இரண்டு அறைகளை வருகிறவர்களுக்குத் தங்கக் கொடுக்கிறோம். கொழும்பிலிருந்து வருவார்கள், கனடாவிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், இப்போது சென்னை, திருச்சியிலிருந்தும் வருகிறார்கள். யார் வந்தாலும் காலைத் தேத்தண்ணியோடு கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை ஒரு சீ.ஆர். கொப்பியில் அவர்கள் கேட்டபடியே எழுதி வைத்திருந்தேன். பதிலையும் ஒரு தடவை எழுதிவிட்டால் என் தேத்தண்ணியை நான் ஆறாமல் குடிக்கலாம் அல்லவா?

யாழ்ப்பாணம் ஒரு தீவுதானே?

இல்லை, குடாநாடு. இலங்கையின் வட தலையில் மூன்று பக்கமும் கடலோடு நீட்டிக்கொண்டிருக்கிற தரை. தெற்கே வன்னிப் பெருநிலத்தோடு ஒட்டுகிற இடம் மிக ஒடுங்கலானது. ஆனையிறவில் ரயில் யன்னலால் பார்த்தால் இரண்டு பக்கமும் தண்ணீர்தான் தெரியும், நடுவில் ரோட்டும் தண்டவாளமும் மட்டும் போகும். தீவு என்று உங்களுக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஆனையிறவு என்ற பேரையும் உடனே கேட்பார்கள். 'இறத்தல்' என்றால் பழந்தமிழில் கடந்து போதல். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழம் குறைந்த இந்த நீரைக் கடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து, பிறகு கப்பல் ஏற்றி விற்றார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அது கொழுத்த வியாபாரம்.

யாழ்ப்பாணம் எண்டா ரவுணா, மாவட்டமா, முழுக் குடாநாடுமா?

சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. கொழும்பில் நின்று சொன்னால் முழுக் குடாநாடும் யாழ்ப்பாணம். பருத்தித்துறையில் நின்று "யாழ்ப்பாணம் போறன்" என்றால் பஸ் நிலையம், பெரியாஸ்பத்திரி, சந்தை இருக்கிற ரவுண் மட்டும். எங்கள் கொக்குவில் ரவுணிலிருந்து சைக்கிள் ஓடுகிற தூரம்தான், நாங்களும் "ரவுணுக்குப் போறன்" என்றுதான் சொல்வோம்.

குடாநாட்டை வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி என்று பிரித்துச் சொல்வது பழைய வழக்கம். நகரமும் செம்மண் தோட்டங்களும் வலிகாமத்தில். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை வடமராட்சியில். சாவகச்சேரி, கொடிகாமம் தென்மராட்சியில். மேற்கே சிதறிக் கிடப்பவை தீவகம். தென்கிழக்கு மூலையில் பளையை உள்ளடக்கிய பச்சிலைப்பள்ளி, தரையால் குடாநாட்டோடு சேர்ந்தது, நிர்வாகத்தால் கிளிநொச்சி மாவட்டம். அந்த மாவட்டம் 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரித்து எடுக்கப்பட்டது.

கடற்கரை நகரம்னு சொன்னாங்க, அலையே காணோமே? பீச் எங்க இருக்கு?

இந்தக் கேள்வி எப்போதும் சென்னைக்காரரிடமிருந்து வரும். மெரினாவை மனதில் வைத்துக்கொண்டு பண்ணைப் பக்கம் போய்ப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நகரம் பார்த்துக்கொண்டிருப்பது திறந்த கடலை அல்ல, கடல்நீரேரியை. நாங்கள் பரவைக்கடல் என்போம். இடுப்பளவு தண்ணீரில் மனிதர் நின்று வலை வீசுவதைப் பண்ணைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம். குருநகர்ப் பக்கத்து நண்டுக்கும் இறாலுக்கும் ருசி இந்தப் பரவைக்கடலால்தான்.

அலை வேண்டுமென்றால் வடக்கே காங்கேசன்துறை, கிழக்கே மணற்காடு. மணற்காட்டில் மணல்மேடுகளே ஒரு காட்சி. பிள்ளைகள் குளிக்க என்றால் காரைநகர் கசூரினா கடற்கரை. சவுக்கு நிழல், தூரம் வரை ஆழமில்லாத கடல். அதைவிட எனக்குப் பிடித்தது கீரிமலை. கடலை ஒட்டிய கேணியில் நிலத்தடியிலிருந்து நல்ல தண்ணீர் ஊறும், கைப்பிடிச் சுவருக்கு அந்தப்பக்கம் உப்புக்கடல் அடிக்கும். ஆடி அமாவாசைக்கு அங்கே போகாதீர்கள், தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்ய வருகிற கூட்டத்தில் கால் வைக்க இடமிருக்காது.

இங்க ஆறே இல்லையாமே, தண்ணிக்கு என்ன செய்யிறீங்கள்?

வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. மாரியில் ஓடி அராலிப் பக்கம் பரவைக்கடலில் விழும், கோடையில் அதன் மேலே மாடு மேயும். மற்றபடி எங்களுக்குக் கிணறுதான். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதன் வெடிப்புகளால் இறங்கி, கீழே இருக்கிற உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கும். அந்த வில்லையைத்தான் நாங்கள் துலாவாலும், பிறகு இயந்திரத்தாலும் இறைத்துக் குடித்தோம், புகையிலையும் வெங்காயமும் செய்தோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருக்கிற உப்பு மேலே வரும். நிலாவரைக் கிணற்றுக்குப் போனால் இது விளங்கும். மேல்தண்ணீர் நன்னீர், ஆழத்தில் உப்பு.

1950களிலேயே பொறியியலாளர் ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியைத் தடுத்து மழைநீரால் நிரப்பி நன்னீர் ஆக்குவது, அங்கிருந்து வடமராட்சிப் பக்கம் கொண்டுவருவது என்பது யோசனை. சில வேலைகள் நடந்தன, முழுதாக நிறைவேறவில்லை. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. ஆறு வரவில்லை, குழாய் வந்தது. என் மனைவி இன்னும் தேத்தண்ணிக்குக் கிணற்றுத் தண்ணியைத்தான் அள்ளுகிறாள்.

யாழ்ப்பாணம் எண்ட பேர் எப்பிடி வந்தது? உண்மையா ஒரு பாணனுக்குக் குடுத்த நாடோ?

கண் தெரியாத யாழ்ப்பாணன் ஒருவன் அரசன் முன் வாசித்தான், அரசன் மகிழ்ந்து இந்த மணல்நிலத்தைப் பரிசாகக் கொடுத்தான் என்பது கதை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. வரலாறு என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அழகான கதை. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணப்பட்டினத்தை 'ஜப்னபட்டம்' என்று எழுதினார்கள், அந்த வாய்மொழிதான் தேய்ந்து இங்கிலீசில் ஜப்னா ஆனது.

பேர் எப்போது வந்தாலும் ஆட்கள் அதற்கு மிக முன்பே இருந்தார்கள். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றில் பிராமி எழுத்துள்ள முத்திரை கிடைத்தது. கந்தரோடையில் சிறு சிறு பௌத்தத் தூபிகள் வரிசையாய் நிற்கின்றன. தமிழர் பௌத்தராயும் இருந்த காலத்து எச்சம் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள்.

ராஜாக்கள் இருந்த இடம் கோட்டையா?

இல்லை, இதுதான் எல்லோருக்கும் மாறுகிற இடம். ஆரியச்சக்கரவர்த்திகள் ஆண்டது நல்லூரிலிருந்து. சங்கிலியன் தோப்பு, மந்திரிமனை, யமுனா ஏரி எல்லாம் அந்தப் பக்கம். (மந்திரிமனை என்று இப்போது நிற்கிற கட்டடம் பிற்காலத்தது.) கடல்நீரேரிக் கரையில் நிற்கிற கோட்டை, அந்த அரசை வென்றவர்களின் வேலை.

போர்த்துக்கேயர் 1560இலும் 1591இலும் படையெடுத்தார்கள். 1619இல் பிலிப் த ஒலிவேரா கடைசி அரசன் சங்கிலி குமாரனைப் பிடித்தான், அவனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அதன்பின் நல்லூரை விட்டு, கப்பல் உதவி வந்து சேரக்கூடிய கரைக்கு ஆட்சியை மாற்றினார்கள். இன்றைய ரவுண் பிறந்தது அப்படித்தான். 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, போர்த்துக்கேயர் கட்டியிருந்த சதுரக் கோட்டையை இடித்து ஐங்கோணமாய்க் கட்டினார்கள், வெளி அரண் வேலை 1792இல்தான் முடிந்தது. முடிந்து மூன்றே வருடத்தில், 1795இல், ஒரு வெடியும் வைக்காமல் இங்கிலீசுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்நிய நாட்டவர் மூவரையும் தாங்கிய கோட்டை நொறுங்கியது எங்கள் காலத்துச் சண்டையில்தான், 1990 முற்றுகையிலும் அதற்குப் பிறகும். உள்ளே இருந்த 1706ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தேவாலயம் இப்போது வெறும் கற்குவியல். பின்னேரம் நாலரைக்குப் பிறகு கொத்தளத்தில் ஏறுங்கள், அதற்கு முன் வெயில் தாங்காது.

நல்லூர் கோவில் அந்த ராஜாக்கள் கட்டின அதே கோவிலா?

இல்லை. அரசர் காலத்துக் கோவிலைப் போர்த்துக்கேயர் 1621இல் தரைமட்டமாக்கினார்கள். அது நின்ற இடம் முத்திரைச் சந்தி, இப்போது அங்கே கிறிஸ்தவ தேவாலயம். நீங்கள் கும்பிடுகிற கோவில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல், குருக்கள் வளவில் இரகுநாத மாப்பாண முதலியார் கட்டியது. ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் கொடி ஏறும், இருபத்தைந்து நாள் திருவிழா. ஆண்கள் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், யாராக இருந்தாலும். திருவிழாக் காலத்தில் எங்கள் அறைகளை ஆறு மாதத்துக்கு முன்பே கேட்டுவிடுவார்கள்.

எரிச்ச லைப்ரரி இப்ப எப்பிடி இருக்கு?

வெள்ளையாய், அழகாய் நிற்கிறது. 1933இல் செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு வாசிகசாலைதான் வளர்ந்து, 1959இல் இந்தக் கட்டடத்தில் பொதுநூலகமாய்த் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு பொலிஸ்காரரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் வைத்த தீயில் ஏறக்குறைய 97,000 புத்தகங்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. அந்தத் தீயைத் தூரத்திலிருந்து பார்த்தபோதே மொழியறிஞர் தாவீது அடிகளின் உயிர் பிரிந்தது.

2000களின் தொடக்கத்தில் பழைய வடிவிலேயே திருத்திக் கட்டினார்கள். சுவரில் கரி தேடாதீர்கள், இராது. அது வேலை செய்கிற நூலகம், பிள்ளைகள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுகிற நேரம் வேறு, வாசலில் கேளுங்கள்.

கொழும்பிலயிருந்து வர ரெயின் நல்லமோ பஸ் நல்லமோ?

ரிக்கற் கிடைத்தால் ரயில். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து குருநாகல், மாகோ, அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று வரும். பகலில் ஏறுங்கள், ஆனையிறவைத் தவறவிடக்கூடாது. விடுமுறைக்கும் நல்லூருக்கும் ரிக்கற் திறந்த உடனே முடிந்துவிடும். கொக்குவிலில் எல்லா ரயிலும் நிற்காது, யாழ்ப்பாணத்தில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள். பாதை திருத்தவென்று வவுனியாப் பக்கம் இடைக்கிடை சேவையை நிறுத்துவதும் உண்டு, புறப்படுமுன் ஒருக்கால் விசாரியுங்கள்.

பஸ் எந்நாளும் உண்டு. புத்தளம் வழியாக வருகிற 87ஆம் இலக்கம், அரச பஸ்ஸான இ.போ.ச.வும் தனியாரும். இரவு ஏறினால் விடிய இறங்கலாம். இரவு பஸ்ஸில் குளிரூட்டியைக் குறைக்கச் சொல்லி இதுவரை எவரும் வென்றதில்லை, போர்வை கொண்டுவாருங்கள்.

யாழ்தேவி, யாழ்தேவி எண்டு எல்லாரும் உருகினம், ஒரு ரெயினுக்கு அப்பிடி என்ன?

வடக்குப் பாதையில் முதல் ஓடிய துண்டு கொழும்புப் பக்கம் இருந்ததல்ல. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரைக்கும்தான் முதல் ரயில் ஓடியது, 1905இல்தான் தெற்கோடு தொடுத்தார்கள். யாழ்தேவி கடுகதி 1956 ஏப்ரலில் வந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்த்த ஒரு தலைமுறையின் வாழ்க்கை அதில்தான் ஓடியது. போகும்போது முருங்கைக்காயும் பனங்கட்டியும், வரும்போது சம்பளமும். கலியாணப் பேச்சுக்கூட அந்தப் பெட்டிகளில் நடந்திருக்கிறது.

1990 யூனில் சண்டை தொடங்கியதோடு ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிக் கூரை ஆனது. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி இந்திய இர்கோன் நிறுவனம் புதிதாய்ப் போட்ட பாதையில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது, அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறைக்கும். முதல் நாள் கூவல் கேட்டு எங்கள் ஒழுங்கையில் ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். இருபத்துநாலு வயசுப் பெடியன் ஒருவன் அதுவரை ரயிலைப் படத்தில்தான் பார்த்திருந்தான்.

ரெயினும் இல்லை, ஏ-9உம் பூட்டு எண்டா நீங்கள் வெளிய போனது எப்பிடி?

கனடாப் பிள்ளைகள் கேட்பது இது. தகப்பன்மார் பக்கத்தில் இருந்தும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஏ-9 என்பது வவுனியாவிலிருந்து ஆனையிறவால் யாழ்ப்பாணம் வருகிற பெரிய ரோட்டு. ஆனையிறவில் இராணுவ முகாம் இருந்தது, அந்த வழி பூட்டு. ஆகவே 90களின் முற்பாதியில் பரவைக்கடலைத்தான் கடந்தோம். கொம்படி, ஊரியான் பக்கம் சேற்றிலும் தண்ணீரிலும் நடந்தோம். அதுவும் அடைபட்டபோது கிளாலி. இரவில் விளக்கில்லாமல் படகுகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று தொடுத்து, முன்னே ஓர் இயந்திரப் படகு இழுக்கும். நான் ஒரு தடவை போனேன், மடியில் மூத்த மகள். "அப்பா, ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?" என்று கேட்டாள். கடற்படைப் படகு வந்தால் சுடும் என்று ஐந்து வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? "மீன் நித்திரை" என்றேன். அக்கரையில் நல்லூர் என்ற பேரிலேயே ஓர் ஊர் உண்டு, பூநகரிப் பக்கம். அங்கே இறங்கி வன்னியால் போய் வவுனியா சேர இரண்டு நாள்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. இலட்சக்கணக்கான சனம், ஒரே ரோட்டு, மழை. அதற்குப் பிறகு நகரம் இராணுவத்திடம். கப்பலில் திருகோணமலைக்கு, அல்லது பலாலியிலிருந்து விமானத்தில் கொழும்புக்கு என்று ஆனது. 2002 சமாதான காலத்தில் ஏ-9 திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டினார்கள், 2009க்குப் பிறகுதான் நிரந்தரமாய்த் திறந்தது. இந்த ஊரில் என் வயசுக்காரர் எவரிடமும் வருடத்தைச் சொல்லுங்கள், அந்த வருடம் எந்த வழி திறந்திருந்தது என்று சொல்லிவிடுவார்.

சோனகத் தெரு எண்டு போட்டிருக்கு, அங்க முஸ்லிம் ஆக்கள் இருக்கினமோ?

இருக்கிறார்கள், முன்பு இருந்த அளவில் இல்லை. ஐந்து சந்தியைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாய் இருந்தவர்களை 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வீட்டையும் நகையையும் காசையும் விட்டுவிட்டுப் போனார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதியானார்கள். முந்திய பதிலில் சொன்ன எங்கள் இடப்பெயர்வுக்குச் சரியாய் ஐந்து வருடம் முந்தி, அதே திகதி. அன்று நாங்கள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். 2002க்குப் பிறகும் 2009க்குப் பிறகும் கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். ஒஸ்மானியாக் கல்லூரி மறுபடி நடக்கிறது.

ஏ-9ஐ விட்டா வேற ரோட்டு இல்லையோ?

உண்டு, ஏ-32. நாவற்குழியால் பிரிந்து, கேரதீவு, சங்குப்பிட்டி, பூநகரி, மன்னார் என்று மேற்குக் கரையோடு போகும். கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் நடுவே முந்திப் பாதை என்கிற மிதவைதான் ஓடியது. 2011 ஜனவரியில் 288 மீற்றர் பாலம் திறந்தார்கள். மன்னார், மடு போகிறவர்களுக்கு இது கிட்ட. கடைகள் குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள்.

சென்னையிலேர்ந்து கொழும்பு போய்த்தான் வரணுமா?

வேண்டாம். பலாலிக்கு நேரே வரலாம், சின்ன விமானம், ஒன்றேகால் மணி நேரம் வரை. இது புதுமை என்று நினைக்காதீர்கள். பலாலி இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட தளம். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்கு இந்த வழியாகத்தான் பறந்தது. போர் அதை நிறுத்தியது. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமானநிலையமாய்த் திறந்தார்கள், கொரோனாவால் 2020இல் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. பிறகு இண்டிகோவும் சேர்ந்தது, சென்னையிலிருந்து 2024இல், திருச்சியிலிருந்து 2025இல்.

கப்பலும் உண்டு, நாகப்பட்டினம் - காங்கேசன்துறை. ஏறக்குறைய 60 கடல் மைல், நாலு மணி நேரம். விசா விதி அடிக்கடி மாறும், அதை என்னிடம் கேட்காதீர்கள். விமானநிலையமும் துறைமுகமும் ரவுணிலிருந்து இருபது கிலோமீற்றருக்குள்தான்.

கப்பல் ஓடுதுங்கிறாங்க, ஓடலைங்கிறாங்க. எதுதான் உண்மை?

இரண்டும். 2023 ஒக்டோபர் 14இல் மேளதாளத்தோடு தொடங்கியது, சில நாளில் வடகீழ்ப் பருவக்காற்று வந்ததும் நிறுத்தினார்கள். 2024 ஓகஸ்ட் 16இல் மறுபடி. ஒக்டோபர் பிற்பகுதி தொடங்கி டிசம்பர் முடியும் வரை இந்தக் கடல் வேறு முகம் காட்டும். ஆழம் குறைந்த நீரிணையில் வாடை பிடித்தால் அலை குட்டையாய், அடுக்கடுக்காய் எழும், வேகப் படகுக்கு அது ஆகாது. அந்த மாதங்களில் கப்பலை நம்பிக் கலியாணத்துக்குத் திகதி வைக்காதீர்கள். ஒரு குடும்பம் வைத்தது, மாப்பிள்ளையின் சித்தப்பா திருச்சிக்கு ஓடி விமானம் பிடித்து, தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார்.

ராமேஸ்வரத்துலேர்ந்து ரயில்ல வந்தோம்னு தாத்தா சொல்வாரே?

தாத்தா சொன்னது உண்மை, இடம்தான் வேறு. அது தலைமன்னார் வழி. 1914இலிருந்து சென்னையில் ரயில் ஏறி தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போவார்கள். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடி, 80களில் போரோடு நின்றது. ராமர் பாலம் என்கிற ஆதாம் பாலமும் அந்தப் பக்கம்தான், மன்னாரில். யாழ்ப்பாணத்திலிருந்து அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டவர்கள் என் கொப்பியில் ஏழு பேர். முடியாது.

இவ்வளவு கடல் இருந்தும் கொழும்பு மாதிரிப் பெரிய துறைமுகம் ஏன் இல்லை?

இது எனக்குப் பிடித்த கேள்வி. கடல் நிறைய, ஆழம் இல்லை. பாக்கு நீரிணை ஆழமற்றது, அதன் தெற்கு வாசலை ஆதாம் பாலத்துத் திட்டுகள் அடைத்துக் கிடக்கின்றன. ஆகவே பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன, கொழும்பு அந்தச் சுற்றுப்பாதையில் இருக்கிறது. நாங்கள் உள்ளே ஒதுங்கிப்போனோம்.

ஆனால் பாய்க்கப்பலுக்கு இந்த ஆழம் தாராளம். ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை எல்லாம் அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தோடும் பர்மாவோடும் வியாபாரம் செய்த கரைகள். அரிசியும் தேக்கும் வந்தன, புகையிலையும் பனைமரமும் போயின. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார், அது எங்கள் ஊர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. இதைச் சொல்லும்போது வல்வெட்டித்துறைக்காரர் நெஞ்சு ஓர் அங்குலம் விரியும், விரியட்டும்.

பிறகு இரண்டு நாடும் சுதந்திரம் பெற்றன, கடலில் எல்லை வந்தது, சுங்கம் வந்தது. தகப்பன் செய்தது வியாபாரம், அதே சாமானை அதே கரைக்கு மகன் கொண்டுவந்தால் கள்ளக்கடத்தல். காங்கேசன்துறையில் அலைதடுப்பு அணை கட்டித் துறைமுகம் ஆக்கினார்கள், பக்கத்தில் 1950இல் வந்த சீமெந்துத் தொழிற்சாலை எங்கள் சுண்ணாம்புக்கல்லைத் தின்று ஓடியது. 1990இல் அதுவும் நின்றது.

நயினாதீவும் நெடுந்தீவும் ஒரே நாளில பாக்கலாமோ?

பார்க்கலாம், ஆனால் ஒன்றையும் பார்த்ததாய் இராது. பண்ணைப் பாலத்தால் மண்டைதீவு, வேலணை, பிறகு இன்னொரு நீண்ட கடல்ரோட்டால் புங்குடுதீவு, அதன் முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. இதுவரை பஸ்ஸே போகும். அங்கிருந்து நயினாதீவு கால்மணி, இருபது நிமிடம். நாகபூசணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் நடை தூரத்தில்.

நெடுந்தீவு ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடல், அதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். முருகைக்கல் அடுக்கிய வேலிகள், காட்டுக்குதிரைகள், பெருக்குமரம். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பேரை வைத்து டெல்வ்ற் என்றார்கள். எங்கள் தீவுகள் பலவற்றுக்கும் அப்படி ஒல்லாந்த ஊர்ப்பேர் வைத்தார்கள், நிலைத்தது இது ஒன்றுதான். இந்த வழியில்தான் குமுதினிப் படகு ஓடியது, 1985 மே 15இல் அதில் போன பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவில் அதைப்பற்றிப் பகிடியாய் எதுவும் கதைக்காதீர்கள். திரும்புகிற கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கச்சதீவுக்குப் போகலாமா?

வருடத்தில் ஒரு தடவை, அந்தோனியார் திருவிழாவுக்கு, மாசி பங்குனியில். 1974 ஒப்பந்தத்தின்படி தீவு இலங்கையுடையது. திருவிழாவுக்கு இராமேஸ்வரத்திலிருந்தும் படகு வரும், இங்கிருந்தும் போகும், இரண்டு கரைச் சனமும் ஒரே பூசையில் நிற்கும். மற்ற நாளில் அங்கே குடியும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை.

இலங்கையின்ர வடக்கு நுனி பருத்தித்துறையா, காங்கேசன்துறையா?

பருத்தித்துறைப் பக்கத்துச் சக்கோட்டை முனை. காங்கேசன்துறைக்காரரோடு இதை வாதிடவேண்டாம், அவர்களுக்கு ரயில் முடிகிற இடம்தான் நாட்டின் முடிவு.

எந்த மாசம் வந்தா நல்லம்?

தை, மாசி. மாரி முடிந்து பச்சை நிற்கும், குளிர் காற்று, தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் விடுவார்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வேண்டுமென்றால் வைகாசி, ஆனியில் வெயிலைத் தாங்கிக்கொண்டு வாருங்கள். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசத் தொடங்கினால் பனங்காடு இரவெல்லாம் இரையும், சிலருக்கு நித்திரை வராது. ஐப்பசி, கார்த்திகை மழை, கப்பல் பற்றி மேலே சொன்னதையும் நினைவில் வையுங்கள்.

இரவில ரவுணிலயிருந்து கொக்குவிலுக்கு பஸ் இருக்குமோ?

பொழுது பட்டால் மினிபஸ் குறையத் தொடங்கும், எட்டு மணிக்கு மேல் நம்பாதீர்கள். ஓட்டோவுக்கு ஏறுமுன் காசு பேசுங்கள். இடம் தெரியாவிட்டால் கொக்குவில் ரயில் நிலையம் என்று சொல்லி இறங்கி, அங்கிருந்து கோல் எடுங்கள். நானோ மகனோ சைக்கிளில் வந்து கூட்டிக்கொண்டு வருவோம்.